சேர் பொன்னம்பலம் அருணாசலமும் குடிசனக் கணக்கும்

ஈழத்து அரசியல் வரலாற்றிலே சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் பெயரை அறியாதார் இலர். 1919 ஆம் ஆண்டில் அவர் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் தலைவராய் விளங்கியதை யாவரும் எடுத்தோதுவர். எண்களோடு அவர் பழகிய காலத்தை நினைப்பார் சிலரே. ஆதலின் அதனையே இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1853 இல், கொழும்பிலே பிறந்தவர் அவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு இளவல். கேம்பிரிட்சிலே கற்று, 1875 இல் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தார். பின்னர்ப் பதிவாளர் நாயகமாகிப் பிறப்பு, இறப்பு, காணிப் பதிவுகளைச் சீர்செய்தார். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பும் அவர் பொறுப்பாயிற்று. எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 35 இலட்சத்து 66 ஆயிரம் பேர்.

எண்ணி முடித்தாற் போதுமோ? வயதுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எழுத்தறியா மூதாட்டியொருத்தி, கோயிலுக்குக் கொடிமரம் நாட்டிய வருடம் பிறந்தேன் என்பாள். எழுதுவோர் ஐம்பது என்று குறித்துக்கொள்வர். இவ்வாறு முப்பது, நாற்பது, ஐம்பது என்னும் முழு எண்களில் மக்கள் குவிவர். இருபத்தொன்பதும் முப்பத்தொன்றும் வெறிதாகும். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கோடு வரையின் படம் சீப்பின் பற்போலத் தோன்றும், உண்மை தோன்றாது. ஆகவே வயதுகளை ஐந்தைந்தாகவோ பத்துப்பத்தாகவோ தொகுப்பர். இவற்றையே கணித ஆசிரியர்கள் வகுப்பாயிடை என்பர். (நாம் தமிழாசிரியர், இச்சொல்லை ஆசிரியர் அறையிற் கணித நண்பரிடமே கற்றோம்.)

வகுப்பாயிடை வயல் வரம்பு போன்றது. வரம்பை எங்கே கட்டுவது என்பதிலேதான் வில்லங்கம். 20–30, 30–40 என எழுதினால் முப்பது வயதினன் எவ்வயலுக்கு உரியவன்? 20–29, 30–39 என்றால் அவ்வழக்குத் தீரும். ஆயினும் இருபத்தொன்பதிலிருந்து முப்பதுக்குத் தாவியவர்கள் அயல் வயலிலேயே நிற்பர். அகன்ற வகுப்பு ஒன்றுக்கு ஒடுங்கிய வகுப்பின் உயரமே கொடுத்து வலையுரு வரையம் கீறுவோரும் உளர். அங்கே பரப்பே மீடிறனைக் காட்டவேண்டும்.

அகலக் கட்டிய வரம்பு குவியலை மறைக்கும். கூடவே துயரையும் மறைக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மரணங்களை ஒரே கூட்டமாக எழுதினால், அவற்றுட் பெரும்பங்கு முதலாண்டிலேயே நேர்ந்தது புலப்படாது. மருத்துவிச்சி எங்கே வேண்டும், நல்ல நீர் எங்கே வேண்டும் என்பதை அறிய முற்படுவோனுக்கு அவ்வட்டவணை ஊமையே. பிறப்பு இறப்புப் பதிவைச் செம்மை செய்வது வெறும் எழுதுவினைஞர் வேலையன்று என்று நாம் கருதுவது இதனாலேயே.

அவர் எழுதிய குடிசன அறிக்கை அட்டவணைகளோடு நின்றுவிடவில்லை. இத்தீவின் வரலாறு, இனங்கள், சமயங்கள் யாவும் அதில் இடம்பெற்றன. பின்னர்ச் சேர் பட்டமும் பெற்றார். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 முதலே இயக்கம் நடத்தினார். 1924 சனவரியில் மதுரையிலே அவர் காலமானார். பல்கலைக்கழகம் 1942 இலேதான் வந்தது. பேராதனையில் மாணவர் விடுதியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.