செஞ்சிக் கிருஷ்ணப்ப நாயக்கர்

செஞ்சி மலைக்கோட்டைக்கு அணித்தே மேல்சித்தாமூர் என்றோர் ஊர் உளது. தமிழ்ச் சமணர்தம் தலைமை மடம் இன்றும் அவ்வூரிலேயே விளங்குகின்றது. பார்சுவநாதர் கோயிலும் மல்லிநாதர் கோயிலும் அவண் உள்ளன. அம்மடத்தைச் சார்ந்தோரிடையே வழிவழியாக ஒரு செய்தி வழங்கி வருகின்றது. செஞ்சியை ஆண்ட நாயகன் ஒருவன் சமணரிடத்து மணமகள் வேண்டினான் என்பதும், கொடுக்க மனமில்லாத அவர் ஒரு மனையை மணவீடாக அணிசெய்து பெண்ணாய் ஒன்றைக் கட்டிவைத்து அகன்றனர் என்பதும், வெகுண்ட அவன் சமணரையெல்லாம் தலைகொய்ய ஆணையிட்டான் என்பதும், உயிருக்கு அஞ்சிய பலர் திருநீறணிந்து சைவராயினர் என்பதும், தப்பிய வீரசேனாசாரியர் சிரவணபெளகுளம் சென்று மீண்டு வந்து அவருட் பலரைத் தம் நெறிக்குத் திருப்பினர் என்பதும் அச்செய்தியாம். நீறுபூசி நயினார் என்னும் பெயர் இதனால் வந்ததென்ப. இதற்கு 1478-ஆம் ஆண்டு குறிக்கப்படுகின்றது. செஞ்சியில் விசயநகரத்தார் சார்பில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்றது அதற்குப் பின்னரே. அந்நாயகன் பெயரும் சொல்வார்தோறும் வேறுபடுகின்றது. ஆகலின் இப்பழியை யாம் இங்கே வரலாறெழுதப் புகுந்த கிருஷ்ணப்ப நாயக்கர்மேல் ஏற்றத் துணியோம். ஆயினும் ஒன்று கூறாது விடுதல் தகாது. வாளுக்கு அஞ்சி நெற்றியிற் பூசப்பட்ட நீற்றைச் சைவம் தனக்குப் பெருமையாகக் கணக்கிடுதல் ஒண்ணாது.

கிருஷ்ணப்பரைப் பற்றியோ எனின், அவர் காலத்தில் அவரை நேரிற் கண்ட ஒருவர் எழுதிய கடிதம் உளது. அவர் நிக்கொலாஸ் பிமெந்தா என்னும் இயேசு சபைத் துறவியார். 1597-ஆம் ஆண்டிற் சோழமண்டலக் கரையில் வழிச்செல்வாராய்ச் செஞ்சியை அடைந்தவர். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுட் செஞ்சியே பெரிதென்றும், போர்த்துக்கல் நாட்டில் இலிசுபன் ஒன்றொழிய இதனின் மிக்க நகரம் இல்லையென்றும் அவர் எழுதினர். அரசர் பட்டு விரிப்பின்மீது இரண்டு திண்டுகளிற் சாய்ந்திருந்ததையும், மார்பில் முத்தும் மணியும் இழைத்த ஆரம் தொங்கியதையும், நீண்ட குடுமி உச்சியில் முடிந்து முத்துக்களால் அணிசெய்யப்பட்டிருந்ததையும் அவர் குறிக்கின்றனர். வேற்றுச் சமயத்தவராகிய அவரை நாயக்கர் அன்புடன் ஏற்றனர். வெள்ளாற்று முகத்துவாரத்தருகே தாம் புதிதாகச் சமைத்துவந்த கிருஷ்ணபட்டணத்தில் கிறித்துவக் கோயில் எடுப்பதற்கு இடமும் பொன்னும் உதவினர். இக்காலத்துப் பரங்கிப்பேட்டையே அப்பட்டணம் என்பர்.

இத்துணை இன்முகம் காட்டிய அரசர் அரியணை ஏறியவாறு கொடிது. தந்தையார் இறந்தபின் சிறிய தந்தையார் இவரைச் சிறையிலிட்டுத் தாமே ஆண்டனர். குடிகள் துணையால் வெளிவந்த கிருஷ்ணப்பர் அவரை அச்சிறையிலேயே வைத்துக் கண்களைப் பறித்தனர் என்று அக்கடிதத்தால் அறிகின்றோம். அரசுரிமைக்கு இடையூறாவாரைக் குருடாக்கிச் சிறையில் வைத்தல் அந்நாளில் தென்னாட்டிலும் வடநாட்டிலும் வழக்கமே. அதனாற் குற்றம் குறைந்துவிடாது.

இனி, தில்லைச் செய்தியை விரித்துக் கூறவேண்டும். தில்லைத் திருச்சித்திரகூடம் குலசேகரரும் திருமங்கையாரும் பாடிய தொன்மை உடையது. இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்தில் கோவிந்தராசர் திருவுரு அங்கிருந்து அகற்றப்பட்டது. விசயநகரத்து அச்சுதராயர் 1539-ஆம் ஆண்டில் அதனை மீண்டும் எழுந்தருளச் செய்தனர். ஆதலின் பெருமாள் சந்நிதி கூடாது என்று தில்லைவாழ் அந்தணர் வழக்கிட்டது முழுதும் நியாயமென்று யாம் வாதிடோம். ஒரு வேந்தன் ஆணை அகற்றியது. மற்றொரு வேந்தன் ஆணை நிறுத்தியது. கோயிலுக்குரியாரை இருவரும் கேட்டிலர். வழக்கின் வேர் அங்கே கிடக்கின்றது.

வைணவப் பற்று மிக்க கிருஷ்ணப்பர் அச்சந்நிதியைப் பெருக்கிக் கட்ட முற்பட்டபோது அவ்வழக்கு முற்றியது. தீட்சிதர்கள் மறுத்தனர். அவர்க்குப் படையில்லை, மேன்முறையீடு செய்துகொள்ள ஒரு நியாயத்தலமும் இல்லை, தீர்ப்பளிப்பவரும் எதிர்வழக்காடுபவரும் அரசர் ஒருவரே. திருப்பணி நிகழுமாயின் கோபுரத்தின்மேல் ஏறி வீழ்ந்து இறப்போம் என்று அவர்கள் சூளுற்றனர். அரசர் அசைந்திலர். வேலை நடந்தது. பிமெந்தா அவ்வூரை நீங்கிய நாளுக்குள் இருபதின்மர் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்து மாண்டனர். அதுகண்டு இரங்கவேண்டிய அரசர் சினந்து, எஞ்சியவரைத் துப்பாக்கியாற் சுடும்படி பணித்தனர். இருவர் உயிர்துறந்தனர், ஏனையோர் சிதறினர். ஒரு பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு மாய்ந்தாள். அவள் யாவள், யாருடைய மனைவி, யாருடைய தாய் என்பதை அக்கடிதம் குறித்திலது. கண்டதைக் கண்டவாறு சில வரிகளில் எழுதிவிட்டு அத்துறவியார் தம் வழியே சென்றனர்.

ஈண்டுச் சித்தாந்தம் பயின்றார் ஒன்று நினைப்பர். இறைவனுக்குரிய எண்குணங்களுள் தன்வயத்தனாதலும் முடிவிலாற்றலுடைமையும் உள்ளன. அவற்றோடு பேரருளுடைமையும் உளது. எட்டும் ஒரு பொருளிடத்தே ஒருங்கு நிற்பன. ஒன்றை விட்டு ஒன்று நில்லா. வேந்தனைத் திருமாலாகவும் இறையாகவும் போற்றும் வழக்கு நம் நாட்டிற் பழையது. அங்ஙனம் போற்றியோர் தன்வயத்தையும் ஆற்றலையும் அவனுக்கு அளித்தனர். அருளை அளிக்க அவரால் இயலுமோ? ஆணவம் கண்மறைத்த பசுவினிடத்து வரம்பில்லாத ஆணையை வைத்தால் விளைவது இன்னதென்பதற்குத் தில்லைக் கோபுரத்தின் அடியிற் கிடந்த உடல்கள் சான்று. அவ்வரசர் வைணவராயிருந்ததனால் இது நேர்ந்ததென்று நம்மவர் சிலர் கூறுவது பொருந்தாது. கோவிந்தராசரை அகற்றிய சோழன் சைவனன்றோ?

மற்று, அவ்வாணை உண்மையில் வரம்பில்லாததுதானா எனின், அன்று. நாயக்கர் என்பார் பேரரசர்க்குத் திறை செலுத்திப் படைதந்து நாடாள்பவர். குடிகளிடத்துக் கட்டற்றவராயிருந்த கிருஷ்ணப்பர், 1586 முதல் 1614 வரை ஆண்ட வேங்கடபதி தேவராயர்க்கு அடங்கியவர். ஒருகால் அவரை எதிர்த்துத் தோற்றுப் பெனுகொண்டையிற் சிறைப்பட்டனர். தஞ்சை இளவரசராயிருந்த இரகுநாத நாயக்கர் வேண்டியதனால் விடுதலை பெற்றுத் தம் மகளை அவருக்கு மணஞ்செய்து கொடுத்தனர். சாகித்திய ரத்நாகரம் இச்செய்தியைப் புகழ்ந்து பேசுகின்றது. பிறர்க்காகப் பரிந்து வேண்டுதல் எத்துணைப் பயனுடையது என்பதைச் சிறையிருந்து அறிந்தவர் இவர். தில்லையில் வேண்டிநின்றார்க்கு மட்டும் அது பயன்படவில்லை.

ஒல்லாந்தர் செய்தியும் இத்தகையதே. 1608-ஆம் ஆண்டில் தேவனாம்பட்டினத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் வாணிகஞ் செய்யவும் அரண் கொள்ளவும் அவர்க்கு நாயக்கர் இசைவு அளித்தனர். போர்த்துக்கீசியர் இதனைப் பொறாது பேரரசரை அணுகவே, அங்கிருந்து தடையாணை வந்தது. தம் கடற்கரையில் யார் கடை வைப்பது என்பதைத் தாமே முடிவுசெய்ய இயலாதவர், தில்லைக் கோயிலுள் யாருடைய ஒப்புதலும் வேண்டாமல் முடிவுசெய்தனர்.

1614-ஆம் ஆண்டில் வேங்கடபதியார் மறைந்தபின் சக்கராயன் என்பான் புதிய அரசரைக் குடும்பத்தோடு கொல்வித்தனன். எஞ்சிய சிறுவன் இராமதேவனை யாசம நாயக்கர் காத்தனர். அச்சிறுவன் பக்கம் தஞ்சை இரகுநாதர் நின்றனர். மதுரை முத்து வீரப்ப நாயக்கரோடு கிருஷ்ணப்பர் சக்கராயன் பக்கஞ் சேர்ந்தனர். தம்மைச் சிறைமீட்ட மருகருக்கு எதிராகவே படையெடுத்தனர் என்பது காண்க. கல்லணைக்கு அண்மையிலுள்ள தோப்பூரில் 1616-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த பெரும்போரிற் சக்கராயன் பட்டான், மதுரையார் ஓடினர். கிருஷ்ணப்பர் செஞ்சி ஒன்றொழியத் தம் கோட்டைகள் அனைத்தையும் இழந்தனர் என்று அவ்வாண்டிலேயே பர்ராதாசு என்னும் மற்றொரு பாதிரியார் எழுதிவைத்தனர்.

எஞ்சியது மும்மலைக் கோட்டையே. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் அம்மூன்றையும் வளைத்த மதிலும், நெற்களஞ்சியங்களும், கலியாண மகாலும் இன்றும் காணலாம். அம்மதிலினுள்ளிருந்த நாயக்கர் மரபை 1648-49-இற் பீசபூர்ப் படை முடித்தது. தில்லையில் நடராசப் பெருமான் திருமுன்பும் கோவிந்தராசர் சந்நிதியும் ஒரே வளாகத்துள் உள்ளன. இரண்டையும் ஒருங்கே கண்டு தொழும் இடத்தில் நின்று அன்பர்கள் இன்றும் வணங்கிச் செல்கின்றனர்.