சுவை ஒப்பீட்டுக்கு வழி தந்த கணிதர் ஆர்.சி. போஸ்

குருநகரில் கருவாடு போடும் ஒரு பெண், ஒரே மீனை ஏழு விதமாக உப்பிட்டு உலர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதை மக்கள் அதிகம் விரும்புவர்? ஏழையும் ஒருவருக்கே கொடுத்தால், பாதியிலேயே நாக்கு உப்பில் மரத்துவிடும். கூட்டமாக இருத்திக் கேட்டால், உரத்துப் பேசுபவரின் தெரிவே எல்லோருடைய தெரிவாகிவிடும். இத்தகைய சிக்கலுக்கு வழி தந்தவர்களில் ஒருவர் வங்காளக் கணிதர் ராஜ் சந்திர போஸ்.

1901 ஜூன் 19 இல் மத்திய இந்தியாவின் ஹோஷங்காபாத்தில் பிறந்தார். தந்தை மருத்துவர். 1918 இன் இன்புளுவென்சா கொள்ளைநோய் தாயைப் பறித்தது. அடுத்த ஆண்டு தந்தையும் இறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான போஸ், மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தபடியே டெல்லியிலும் கல்கத்தாவிலும் படித்து, இரண்டு முதுமாணிப் பட்டங்களைப் பெற்றார்.

1932 இல் பேராசிரியர் மகலனோபிஸ் அவரை இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகத்துக்கு அழைத்தார். வடிவகணிதம் படித்தவருக்கு அது புதிய துறை. ஆனால் அந்த வடிவகணிதமே அங்கு கைகொடுத்தது. எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொடுக்காமலே நியாயமாக ஒப்பிடும் அமைப்புகள் சில முன்பே இருந்தன. அவற்றை முறையாகக் கட்டும் வழிகளை 1939 இல் போஸ் வெளியிட்டார்.

நமது கருவாட்டுக்கு ஏழு பேர் போதும். ஆளுக்கு மூன்று விதம் மட்டும். சரியாகப் பங்கிட்டால் ஒவ்வொரு விதத்தையும் மூன்று பேர் சுவைப்பர். எந்த இரண்டு விதங்களும் ஒரே ஒருவரிடம், ஒரே ஒரு தடவை சந்திக்கும். 49 தட்டுகளுக்குப் பதில் 21.

கிடைத்த தெரிவுகளை மதிப்பெண்களாக்கும் முறையை 1952 இல் பிராட்லியும் டெரியும் தந்தனர். ஒன்றின் மதிப்பு 3, மற்றதன் மதிப்பு 1 என்றால், நாலு தடவையில் மூன்று தடவை முதலாவதே தெரிவாகும் என்பது அதன் கணக்கு.

1949 இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குப் போன போஸ், சுவைப்பவர்களின் தெரிவுகள் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க, இணை இணையாக ஒப்பிடும் அமைப்புகளை 1956 இல் வகுத்தார். 1959 இல் இரு சகாக்களுடன் சேர்ந்து, கணிதமேதை ஒயிலரின் 177 ஆண்டுப் பழைய ஊகம் தவறென நிறுவினார். 1987 ஒக்டோபர் 31 இல் கொலராடோவில் காலமானார்.

ஏழு பேரின் தெரிவு முடிந்த முடிவல்ல; இன்னும் சில ஏழு பேரிடம் அதையே திரும்பச் செய்தால் பதில் உறுதிப்படும். பெரிய கம்பனிகள் இதற்குப் பெரும் பணம் செலவிடுகின்றன. முற்றத்தில் தொழில் செய்பவருக்கு அயலவரும் ஒரு கொப்பியும் போதும்.