கல்லில் மரங்கண்ட அறிஞர்

நிலத்தின்மேல் வளரும் மரஞ்செடி கொடிகளை நாம் நாள்தோறும் காண்கின்றோம். நிலத்தினுள்ளே கல்லாய்க் கிடக்கும் மரங்களும் உள. பல கோடி ஆண்டுகட்கு முன்னர்த் தழைத்து நின்ற மரங்கள் சில மண்ணுள் புதையுண்டன. நீரிற் கரைந்து வந்த கற்சத்து அவற்றின் இழைதோறும் ஊறி உறைந்தமையால், அவை உருவங் கெடாது கல்லாயின. அவற்றைப் புதைபடிவங்கள் என்பர். அவற்றின் வரலாற்றை ஆராய்வதே தம் வாழ்நாட் பணியெனக் கொண்ட பெருமகனார் பீர்பால் சாஹ்னி ஆவார்.

சாஹ்னி 1891ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் பஞ்சாபில் பேரா என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானைச் சேர்ந்தது. தந்தையார் ருசிராம் சாஹ்னி, லாகூரில் வேதியியற் பேராசிரியராக விளங்கியவர். அவர் விடுமுறை நாட்களில் தம் மக்களை இமயமலைச் சாரலுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அங்குச் செடிகளையும் கற்களையும் தேடித் திரட்டிய பழக்கமே, பீர்பாலின் உள்ளத்தில் ஆராய்ச்சி வேட்கையை விதைத்தது.

லாகூரிற் பட்டம் பெற்றபின், மைந்தர் இந்திய ஆட்சிப் பணித் தேர்வு எழுதவேண்டுமெனத் தந்தையார் விரும்பினார். அதிகாரமும் செல்வமும் ஒருங்கே தரும் பணி அது. தந்தையின் கட்டளையாயின் பணிவதாகவும், தம் விருப்பத்தைக் கேட்பின் தாவர ஆராய்ச்சியையே நாடுவதாகவும் மைந்தர் மறுமொழி கூறினார் என்பர். தந்தையாரும் மைந்தரின் விருப்பத்திற்கு இசைந்தார். 1911ஆம் ஆண்டு பீர்பால் கேம்பிரிட்ஜ் சென்றார். புதைபடிவ ஆராய்ச்சியில் புகழ்பெற்ற சீவார்டு என்பவரை ஆசிரியராகப் பெற்றார். 1919இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பேரறிஞர் பட்டம் எய்தினார். தாயகம் திரும்பி, 1921இல் லக்னோ பல்கலைக்கழகத்தின் தாவரவியற் பேராசிரியரானார்.

சைக்கஸ் என்னும் மரத்தைப் பூங்காக்களிற் கண்டிருப்பீர்கள். பனைபோல நிமிர்ந்த தண்டும், உச்சியில் விரிந்த இறகன்ன இலைகளும் உடையது அது. எனினும் பனைக்கும் அதற்கும் நெருங்கிய உறவில்லை. ஆண் மரமும் பெண் மரமும் வேறுவேறாக நிற்கும். விதைகள் கனியுள் மூடப்படாமல் வெளிப்படையாக அமையும். பூக்குந் தாவரங்கள் உலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வினம் இருந்தது. பண்டைப் பாறைகளில் இதனைப்போன்ற இலைகளும் தண்டுகளும் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவையெல்லாம் சைக்கஸ் இனத்தைச் சேர்ந்தவைதாமா என்பதே அறிஞரை மயக்கிய வினா.

கிழக்கிந்தியாவிலுள்ள இராஜமகால் குன்றுகளில், 11 கோடி ஆண்டுகட்கும் மேற்பட்ட பழமையுடைய படிவங்கள் உள. சாஹ்னி அக்கற்களை மெல்லிய வில்லைகளாக அறுத்து, ஒளி ஊடுருவுமாறு தேய்த்து, நுண்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கினார். ஒரு செடியின் தண்டு, இலை, பூப்போன்ற உறுப்பு ஆகியவை தனித்தனியே கிடைத்து, வெவ்வேறு பெயர் பெற்றிருந்தன. அவற்றின் அகவமைப்பை ஒப்பிட்டு, மூன்றும் ஒரே செடியின் உறுப்புக்களே எனத் துணிந்து, 1932இல் அதன் முழுவடிவை வரைந்து காட்டினார். தோற்றத்தில் அது சைக்கஸ் மரத்தை ஒத்தது. இனப்பெருக்க உறுப்பிலோ முற்றும் வேறுபட்டது. புறத்தோற்றம் ஒன்றே கொண்டு உறவைத் துணியலாகாது என்னும் உண்மை இதனால் விளங்கும். அச்செடிக்குத் தம் ஆசிரியர் சீவார்டின் பெயரைச் சூட்டினார் சாஹ்னி. அவர்தம் நன்றியறிதல் இருந்தவாறு என்னே!

1936இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. 1948இல், இராஜமகால் குன்றுகளிற் கிடைத்த படிவங்களைக்கொண்டு, பென்டாக்சிலான் முதலியன அடங்கிய புதியதொரு தாவரக் கூட்டத்தை உலகிற்கு அறிவித்தார்.

புதைபடிவ ஆராய்ச்சிக்கெனத் தனி நிலையம் ஒன்று நம் நாட்டில் வேண்டுமென்பது அவரது பெருங்கனவு. அதற்கெனத் தம் பொருளையும் நூல்களையும் தாம் திரட்டிய படிவங்களையும் வழங்கினார். 1946இல் நிலையம் தோன்றியது. புதைபடிவங்களையே பதித்து அமைத்த அடிக்கல்லை, 1949 ஏப்ரல் 3ஆம் நாள் தலைமையமைச்சர் நேரு நாட்டினார். அந்தோ! கட்டடம் எழுவதைக் காணும் பேறு சாஹ்னிக்கு வாய்க்கவில்லை. ஒரு வாரத்திற்குள், ஏப்ரல் 10ஆம் நாள், மாரடைப்பால் மறைந்தார்.

கணவரை இழந்த சாவித்திரி அம்மையார் துயரில் மூழ்கி ஓய்ந்துவிடவில்லை. நிலையத்தின் பொறுப்பைத் தாமே ஏற்று, அதனைத் தாயெனப் பேணினார். கட்டடம் நிறைவெய்தி, 1953 சனவரித் திங்களில் நேருவால் திறந்துவைக்கப்பெற்றது. இன்றும் அது சாஹ்னியின் பெயர் தாங்கி லக்னோவில் விளங்குகின்றது.

பதவியும் பொருளும் தரும் எளிய வழியை விடுத்து, உள்ளம் நாடிய அறிவுநெறியில் நின்றார் சாஹ்னி. தாம் பெற்ற அறிவு தம்மோடு மறையாதவாறு, பின்வருவோர்க்கு நிலையமும் கண்டார். கல்லாய் உறைந்த மரம் காலத்தை வென்று நிற்பதுபோல, பிறர்க்கென வாழ்ந்தார் புகழும் காலத்தை வென்று நிற்கும். மாணவர்களே, நீவிரும் விரும்பிய துறையை நன்கு தேர்ந்து, அதில் தளராது உழைத்து நாட்டிற்குப் பயன்படுவீராக.