நான்கு எழுத்துக்குள் ஒரு மனிதர்

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் எல்லாம் கை தூக்குங்க என்று எங்க வகுப்பில் ஒருநாள் கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினார்கள். நானும்தான். அந்த நான்கு எழுத்துக்கு விரிவு என்ன என்று கேட்டதும் எல்லாக் கையும் இறங்கிவிட்டது. தமிழ் ஐயாவைக் கேட்டுத்தான் நானே தெரிந்துகொண்டேன். ராஜா சர் ராமசாமி முதலியார்!

ஆற்காடு ராமசாமி முதலியார் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் 1887-இல் பிறந்தவர். இவர் அவருக்கு ரொம்ப மூத்தவர், 1840-இல் பிறந்தவர். தொழில், துபாஷ் வேலை. அதாவது ஆங்கிலேய வியாபாரக் கம்பெனிக்கும் நம்ம ஊர் வியாபாரிகளுக்கும் நடுவே நின்று, இரண்டு பாஷையிலும் பேசி வியாபாரத்தை முடித்துக் கொடுப்பவர். அதில் பெரும் பணம் சேர்த்தார். 1886, 1887-ஆம் ஆண்டுகளில் சென்னையின் ஷெரீப்பாக இருந்தார். ராஜா, சர் என்பவை ஆங்கிலேய அரசு தந்த பட்டங்கள்.

பணம் உள்ளவர்கள் அன்று கோயில் திருப்பணி செய்வார்கள், சத்திரம் கட்டுவார்கள். இவரும் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சத்திரம் கட்டினார். ஆனால் நான் இவரைக் கும்பிடுவது இன்னொரு தர்மத்துக்காக. 1880 வாக்கில் வடசென்னை ஏழைப் பெண்களுக்காக ராயபுரத்தில் பிரசவ ஆஸ்பத்திரி வரப் பணம் கொடுத்தாரே, அதற்காக!

அது எப்பேர்ப்பட்ட காலம் தெரியுமா? 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். சாப்பாடு இல்லாமல் ஜனங்கள் சென்னைக்கு ஓடி வந்தார்கள். அரசு பிரசவ ஆஸ்பத்திரி எழும்பூரில் 1844-லேயே இருந்தது. ஆனால் ராயபுரத்தில் இடுப்பு வலி எடுத்த பெண் எழும்பூர் வரை எப்படிப் போவாள்? பஸ்ஸா, ஆட்டோவா? அதனால் பிரசவம் வீட்டிலேயே நடக்கும். கிடைத்த கத்தியால் தொப்புள்கொடியை அறுப்பார்கள். அந்தப் புண் வழியாக ரண ஜன்னிக் கிருமி உள்ளே போனால், ஒரு வாரத்துக்குள் குழந்தைக்குத் தாடை இறுகிப் பால் குடிக்க முடியாமல் போய்விடும். அப்புறம் பிழைப்பது அரிது. சுத்தமான கையும், கொதிநீரில் போட்டெடுத்த கத்தரியும் இருந்தாலே எத்தனையோ உயிர் தப்பியிருக்கும்.

1911-இல் முதலியார் காலமானார். அப்போது இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் 200-க்கும் மேல் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-இல் அது தமிழ்நாட்டில் 13 ஆகக் குறைந்தது. இதை ஒரே ஒரு ஆஸ்பத்திரி சாதிக்கவில்லை. டாக்டர்கள், நர்ஸம்மாக்கள், தடுப்பூசி எல்லாம் சேர்ந்து சாதித்தது. ஆனால் அவர்கள் நின்று வேலை செய்ய முதலில் ஓர் இடம் வேண்டுமே! அதைத்தான் அவர் கொடுத்தார். இன்று அது அரசு ஆஸ்பத்திரி, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது.

நம்மிடம் முதலியார் அளவு பணம் இல்லையே என்று நினைக்காதீர்கள். 2014-இல் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கிகள் தொடங்கினார்கள். முன்பின் தெரியாத குறைமாதக் குழந்தைக்காகத் தாய்மார்கள் அங்கே பால் தருகிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்களும் முதலியார் மாதிரிதான்.

அந்த கேட்டைத் தாண்டிப் போகும்போது இனி அந்த நான்கு எழுத்தையும் முழுசாகச் சொல்லிப் பாருங்கள். ஒருவேளை நாம் உயிரோடு இருப்பதற்கே அவர் ஒரு காரணமாக இருக்கலாம்.

– பத்தாம் வகுப்பு மாணவி