நாகரத்தினம்மாள் வேண்டிய நீதி

அழகு நிறைந்த நூல் ஒன்று ஒழுக்கத்துக்குப் புறம்பானது என்று பழிக்கப்பட்டால், அதனை நாம் என் செய்வது? இவ்வினாவைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

1878-இல் நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் பிறந்தார் அம்மையார். இசையில் தேர்ந்து, சென்னையில் குடியேறிப் புகழும் பொருளும் ஈட்டினார்.

அவர் உள்ளத்தைக் கவர்ந்த நூல் ‘ராதிகா சாந்த்வனம்’. பதினெட்டாம் நூற்றாண்டில், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையை அணிசெய்த முத்துப்பழனி என்னும் தாசி, தெலுங்கில் பாடிய காவியம் அது. இளாவைக் கண்ணனுக்கு மணமுடித்த ராதை, பின் ஊடுகிறாள், கண்ணன் தேற்றுகிறான். பெண்ணின் வேட்கையைப் பெண்ணே மறைக்காது பாடினாள். அச்சில் வந்த நூலிலோ பல பாடல்கள் விடுபட்டிருந்தன. அம்மையார் ஏட்டுச்சுவடி தேடி, 1910-இல் முழு நூலையும் பதிப்பித்தார்.

கைம்பெண் மறுமணத்துக்குப் பாடுபட்ட கந்துகூரி வீரேசலிங்கம், இக்காவியத்தை ஆபாசம் என்று பழித்தவர். நல்லவர் வாய்ப் பழி ஆதலின் அது வலுப்பெற்றது. ஆண் புலவர் பாடிய சிருங்காரத்தைப் போற்றுவோர், பெண் பாடினால் மட்டும் நாணுவது ஏன் என்று அம்மையார் எதிர்த்து வினவினார். விடை வரவில்லை; தடைதான் வந்தது! 1911-இல் ஆங்கில அரசு நூலைத் தடைசெய்தது. 1947-இல்தான் அத்தடை நீங்கிற்று.

இதே அம்மையார்தாம் திருவையாற்றில், காவிரிக் கரையில் பாழ்பட்டுக் கிடந்த தியாகராசர் சமாதியைத் தம் பொருளால் புதுப்பித்து, 1925-இல் கோயிலாக்கியவர். ஆராதனையில் பாடப் பெண்களுக்கு இடமில்லாதிருந்தபோது, 1927-இல் பெண்களுக்கெனத் தனி ஆராதனை தொடங்கினார். 1952-இல் மறைந்தார். சமாதிக்கு எதிரே அவர் சிலை கூப்பிய கையுடன் இன்றும் இருக்கிறது.

தோழர்களே! ஆபாச நூலைப் பரப்பியவர் எனப்பட்ட கையே பக்திக்குக் கோயிலும் கட்டியது. இதில் எது அவருடைய ஒழுக்கம்? இரண்டும் ஒரே உள்ளத்தின் செயல் என்பேன். வாஷியிலிருந்து இரயிலேறிக் கிங்ஸ் சர்க்கிளுக்குச் சென்று தியாகராசர் கீர்த்தனைகளைக் கேட்கும் நம்மவர் பலர், முத்துப்பழனியின் பெயரை அறியார்.

கலைக்கு ஒழுக்கமே வேண்டா என்று நான் கூறவில்லை. நான் அறிவியல் மாணவன். ஆய்வுக்கூடத் தராசு, ஆளைப் பார்த்து எடை மாற்றுவதில்லை. கலையை அறத்தால் நிறுப்போரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தராசைக் கொள்ளட்டும். நாகரத்தினம்மாள் வேண்டிய நீதி அவ்வளவே.