ஜாக் மொனோ (1910 – 1976)



ஒப்பரோன் படத்தை நீங்கள் பலமுறை வரைந்து பெயரிட்டிருப்பீர்கள். அடக்கிப் புரதம், ஒப்பரேற்றர், தூண்டி என்ற சொற்களை மனனமும் செய்திருப்பீர்கள். அந்தச் சிறிய படத்தின் பின்னால் ஒரு மனிதரின் இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அவருடைய வாழ்க்கையை ஒருமுறை அறிந்துகொண்டால் படம் தானாகவே மனதில் பதியும்.

இளமைக் காலம்

ஜாக் மொனோ 1910 பெப்ரவரி 9 இல் பிரான்சின் தலைநகரான பாரிசில் பிறந்தார். தந்தையார் ஓர் ஓவியர். தாயார் அமெரிக்காவைச் சேர்ந்தவர். 1917 இல் குடும்பம் தெற்குக் கடற்கரை நகரான கான் நகரில் குடியேறியது. சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியதால் அவருடைய ஒரு கால் பலவீனமடைந்தது. எனினும் அவர் பிற்காலத்தில் மலையேறுவதில் வல்லவராக விளங்கினார். செலோ வாத்தியம் வாசிப்பதிலும் தேர்ச்சி பெற்றிருந்தார்.

1928 இல் உயர்கல்விக்காகப் பாரிஸ் சென்றார். 1934 இல் கிறீன்லாந்துக்குச் சென்ற ஆய்வுக் கப்பலில் பயணம் செய்தார். 1936 இல் மீண்டும் அதே கப்பலில் செல்ல எண்ணியிருந்தவர், அதைக் கைவிட்டு, பிறப்புரிமையியல் கற்பதற்காக அமெரிக்காவில் மோர்கனின் ஆய்வுகூடத்துக்குச் சென்றார். அவ்வாண்டு செப்டெம்பரில் அக்கப்பல் ஐஸ்லாந்துக்கு அருகில் மூழ்கியது. ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார்.

போர்க்காலமும் ஒரு வினாவும்

நாசிப்படை பாரிசைக் கைப்பற்றியிருந்த காலத்தில் மொனோ சோர்போன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தார். எசரிக்கியா கோலை பற்றீரியாவுக்குக் குளுக்கோசு, இலற்றோசு ஆகிய இரண்டு வெல்லங்களையும் ஒன்றாகக் கொடுத்தார். பற்றீரியா முதலில் வேகமாக வளர்ந்தது, பின்னர் சிறிது நேரம் வளர்ச்சி நின்றது, மீண்டும் வளர்ந்தது. குளுக்கோசு முடிந்த பின்னரே பற்றீரியா இலற்றோசை உடைக்கும் நொதியத்தை ஆக்கத் தொடங்கியது. தேவை வரும்வரை அந்த நொதியம் ஆக்கப்படாமல் இருப்பது எப்படி? இவ்வினாவே அவருடைய வாழ்நாள் வினாவாயிற்று. 1941 இல் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அதே காலத்தில் அவர் இரகசிய எதிர்ப்பியக்கத்திலும் சேர்ந்தார். அவருடைய மனைவி யூதர் என்பதால் குடும்பத்துக்கும் ஆபத்து இருந்தது. பிடிபட்டால் சித்திரவதையும் மரணமும் நிச்சயம். ஆய்வுகூடத்துக்கு வெளியே காட்சிக்கு வைத்திருந்த ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்பினுள் அவர் இரகசியத் தாள்களை ஒளித்து வைத்தார். சோர்போனில் இருப்பது ஆபத்தானபோது, பாஸ்டர் நிறுவகத்தில் ஆந்திரே லுவோவ் என்பவரின் ஆய்வுகூடத்தில் மறைவாகத் தம் ஆய்வைத் தொடர்ந்தார். போர் முடிந்த 1945 இல் அந்நிறுவகத்திலேயே பணியில் சேர்ந்தார்.

விடை கிடைத்த விதம்

இலற்றோசுதான் நொதியம் ஆக்கும்படி பரம்பரையலகைத் தூண்டுகிறது என்றே மொனோ நெடுங்காலம் எண்ணியிருந்தார். 1950களின் இறுதியில் பிரான்சுவா ஜாக்கோப், ஆதர் பார்டி ஆகியோருடன் சேர்ந்து செய்த பரிசோதனை இந்த எண்ணத்தை மாற்றியது. தூண்டி இல்லாமலே நொதியத்தை ஆக்க வேண்டிய நிலையில், நொதியப் பரம்பரையலகு மட்டும் பழுதாக இருந்த கலத்துக்கு, அவர்கள் நல்ல பரம்பரையலகுகளைச் செலுத்தினர். நொதியம் உடனே உருவாகத் தொடங்கியது. ஆனால் சிறிது நேரத்தின் பின் உற்பத்தி நின்றது. இலற்றோசு போன்ற தூண்டியைச் சேர்த்த பின்னரே தொடர்ந்தது. இதன் பொருள் என்ன? உள்ளே சென்ற இன்னொரு பரம்பரையலகு ஒரு தடைப் பொருளை ஆக்கியிருக்கிறது. அது போதிய அளவு சேர்ந்ததும் உற்பத்தியை அடக்கிவிட்டது. இலற்றோசு செய்வது அத்தடையை நீக்குவதையே. 1961 இல் ஜாக்கோப்பும் மொனோவும் இக்கருத்தை விரிவான கட்டுரையாக வெளியிட்டனர். 1965 இல் ஜாக்கோப், லுவோவ் ஆகியோருடன் மொனோவுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அடக்கி ஓர் ஆர்.என்.ஏ. மூலக்கூறாக இருக்கலாம் என்று 1961 இல் அவர்கள் கருதினர். 1966 இல் வோல்ற்றர் கில்பேட், பென்னோ முல்லர்-ஹில் ஆகியோர் அதைப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதம் எனக் காட்டினர். பெரிய அறிஞரின் ஊகமும் பரிசோதனைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதை இங்கே கவனியுங்கள்.

அடக்கி தன் இணையை இனங்காண்பது எப்படி?

அடக்கிப் புரதம் நான்கு ஒத்த பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதியிலும் 360 அமினோ அமிலங்கள் உள்ளன. எசரிக்கியா கோலையின் டீ.என்.ஏ. ஏறத்தாழ 46 இலட்சம் மூலச் சோடிகள் நீளமானது. அதில் ஒப்பரேற்றர் ஏறத்தாழ 21 சோடிகள் மட்டுமே. ஒரு கலத்தில் பத்தளவு அடக்கி மூலக்கூறுகளே இருந்தும் அவை அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கின்றன. முதலில் டீ.என்.ஏ.யில் ஏதாவது ஓரிடத்தில் தளர்வாக ஒட்டி, அதன் வழியே வழுக்கிச் செல்கின்றன. புரதத்தின் தலைப்பகுதியிலுள்ள சிறு சுருளி, டீ.என்.ஏ.யின் அகன்ற தவாளிப்பினுள் நுழைந்து மூலங்களின் ஓரங்களைத் தொடுகிறது. ஒழுங்கு பொருந்தும் இடத்தில் ஐதரசன் பிணைப்புகள் உருவாகிப் பிடி இறுகுகிறது. ஒப்பரேற்றரின் இரு அரைகளும் பெருமளவு சமச்சீரானவை. ஆகவே புரதத்தின் இரண்டு பகுதிகள் ஆளுக்கோர் அரையைப் பிடிக்கின்றன. பரம்பரையலகு பிரதியெடுக்கப்படுவது தடைப்படுகிறது.

இலற்றோசு கலத்தினுள் வந்ததும் அதில் சிறிதளவு அல்லோலற்றோசாக மாறுகிறது. அது அடக்கியின் வேறோர் இடத்தில் பிணைகிறது. உடனே புரதத்தின் வடிவம் மாறி, ஒப்பரேற்றர் மீதான பிடி தளர்கிறது. ஓரிடத்தில் பிணைப்பு ஏற்பட இன்னோரிடத்தின் வடிவம் மாறும் இத்தன்மையை விளக்கும் கொள்கையை 1963, 1965 ஆம் ஆண்டுகளில் சக அறிஞர்களுடன் வகுத்தவரும் மொனோவே.

இறுதிக் காலம்

1970 இல் தற்செயலும் அவசியமும் என்னும் பொருளில் அவர் எழுதிய நூல் பெரும் விவாதத்தை எழுப்பியது. 1971 இல் பாஸ்டர் நிறுவகத்தின் பணிப்பாளரானார். 1976 மே 31 இல் குருதிப் புற்றுநோயால் கான் நகரில் காலமானார்.

மாணவர்களே, விடைத்தாளில் பலர் இலற்றோசு பரம்பரையலகைத் தூண்டுகிறது என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். மொனோவும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினார். பரிசோதனை வேறாகச் சொன்னபோது தயங்காமல் ஏற்றுக்கொண்டார். நீங்கள் அடக்கியை அகற்றுவதன் மூலம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த மூன்று சொற்களுக்காக ஒருவர் இருபது ஆண்டுகள் உழைத்திருக்கிறார்.

பயிற்சி வினாக்கள்

1. இரண்டு வெல்லங்கள் உள்ள ஊடகத்தில் பற்றீரியாவின் வளர்ச்சி இடையில் நிற்பது ஏன்?
2. அடக்கிப் புரதம் பிணையும் இரு இணைகளையும் குறிப்பிட்டு, அவற்றுக்கிடையிலான தொடர்பை விளக்குக.
3. ஜாக் மொனோவின் வாழ்விலிருந்து நீர் கற்றுக்கொண்ட இரண்டு பண்புகளை உதாரணத்துடன் எழுதுக.