அடுப்பின் முன் அமர்ந்த அறிஞர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

அடுப்பு எரிவதைப் பார்க்காத கண் உலகில் இல்லை. ஆனால் அது ஏன் புகைகிறது என்று நின்று எண்ணிப் பார்த்த கண்கள் மிகச் சிலவே. அந்தச் சிலருள் ஒருவர்தாம் ரம்போர்டு பிரபு என்று உலகம் அறிந்த பெஞ்சமின் தாம்சன்.

வெப்ப இயல் பாடத்தில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் ஒரு பத்தி. பீரங்கியைத் துளையிட்டபோது வெப்பம் பிறப்பதைக் கண்டார் என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் வந்துவிடும். நானும் அவ்வாறே மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் ஒருநாள் வகுப்பில் எங்கள் விரிவுரையாளர், இந்த மனிதர் வீடு வீடாகச் சென்று அடுப்புகளைச் செப்பனிட்டவர் என்று போகிற போக்கில் சொன்னார். அந்தச் சொல் என்னை விடவில்லை. ஏனெனில், புகையும் அடுப்பின் முன்னால் வளர்ந்தவன் நான்.

இளமை

1753ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள உபர்ன் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பெஞ்சமின் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பதின்மூன்றாம் வயதில் சேலம் நகரில் ஒரு வணிகரிடம் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். (நம் சேலம் அன்று, அமெரிக்கச் சேலம்!) கல்லூரியில் சேர வசதியில்லை. ஆயினும் நண்பர் ஒருவருடன் நெடுந்தொலைவு நடந்தே சென்று, ஹார்வர்டு கல்லூரியில் பேராசிரியர் விந்த்ராப்பின் அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்டார். பேருந்துக்காகக் காத்திருந்து கல்லூரிக்கு வரும் நம்மில் பலருக்கு இந்த நடை புரியும்.

பின்னர்ப் பள்ளி ஆசிரியரானார். 1772இல் செல்வம் மிக்க கைம்பெண் ஒருவரை மணந்தார். 1774இல் சாரா என்ற மகள் பிறந்தாள். அப்போது அமெரிக்கர் விடுதலைக்குத் துடித்துக்கொண்டிருந்தனர். இவரோ ஆங்கில அரசின் பக்கம் நின்றார். அதற்காக உளவும் பார்த்தார். ஊரார் சினந்தெழ, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடினார். 1776இல் கப்பலேறி இலண்டன் சென்றார்.

அங்கிருந்து அவருடைய ஏற்றம் தொடங்கியது. 1779இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1784இல் சர் பட்டம் பெற்றார். பின்பு பவேரியா நாட்டு ஆட்சியாளரிடம் பணியேற்று மியூனிக் நகரில் வாழ்ந்தார். பிச்சையெடுத்துத் திரிந்தோருக்குத் தொழிற்கூடம் அமைத்தார். பார்லியும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் குறைந்த செலவில் கஞ்சி காய்ச்சி அவர்களுக்கு உணவளித்தார். பல நூறு பேருக்குச் சமைக்கும்போது விறகுச் செலவு அவர் கண்ணை உறுத்தியது. திறந்த அடுப்பை மூடிய அடுப்பாக்கினார். காற்று வரும் வழியை அளவாக்கினார். விறகு மிச்சமாயிற்று. ரம்போர்டு பிரபு என்ற பட்டமும் அவருக்குப் பவேரியாவில் கிடைத்ததே.

இலண்டனின் புகை

1795இல் அவர் மீண்டும் இலண்டன் வந்தார். குளிர் நாடுகளில் அறையின் சுவரிலேயே கணப்பு அடுப்பு ஒன்று இருக்கும். பனிக்காலத்தில் அது இல்லாமல் வாழ முடியாது. ஆனால் அன்றைய கணப்புகள் பெரிய சதுரக் குழிகள். அவற்றுக்கு மேலே புகைக்கூண்டின் வாய் மிக அகலமாகத் திறந்திருக்கும். எரிந்த கரியின் வெப்பம் பெரும்பகுதி கூண்டின் வழியே வானத்துக்குப் போய்விடும். அறையின் சூடான காற்றையும் கூண்டு உறிஞ்சிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கதவிடுக்கில் குளிர்காற்று நுழையும். அடுப்பின் முன் அமர்ந்தவருக்கு முகம் சுடும், முதுகு நடுங்கும். இத்தனைக்கும் மேலாகப் புகை வேறு அறைக்குள் திரும்பும்!

ரம்போர்டு சுவரை இடிக்கச் சொல்லவில்லை. புதிய அடுப்பு வாங்கவும் சொல்லவில்லை. சில செங்கற்களும் சிறிது சாந்தும் ஒரு கொத்தனாரும் போதும் என்றார். குழியின் ஆழத்தைக் குறைத்தார். பின்சுவரின் அகலத்தை முகப்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காக்கினார். பக்கச் சுவர்களைப் பின்சுவரோடு 135 பாகைக் கோணத்தில் சாய்த்தார். சாய்ந்த சுவரில் பட்ட வெப்பக் கதிர்கள் அறைக்குள் திரும்பின. அச்சுவர்களுக்கு இரும்பு வேண்டாம், செங்கல்லைப் பூசி வெள்ளையடியுங்கள் என்றார். கூண்டின் வாயை ஏறத்தாழ 4 அங்குலமாகக் குறுக்கினார். புகை சிதறாமல் விரைந்து மேலேறியது.

வாய் குறுகினால் கூண்டைத் துப்புரவு செய்பவர் எப்படி நுழைவார்? அதையும் அவர் மறக்கவில்லை. குறுகிய வாயருகே ஒரு கல்லைச் சாந்து பூசாமல் செருகி வைக்கச் சொன்னார். கரி துடைக்கும் நாளில் அதை எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப வைத்துக்கொள்ளலாம். ஒன்றைக் கட்டும்போதே அதைப் பேணும் வழியையும் எண்ணிக் கட்டுவதுதான் உண்மையான பொறியறிவு அன்றோ!

1796இல் இம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். காப்புரிமை கோரவில்லை, எவரும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இலண்டனில் நூற்றுக்கணக்கான கணப்புகள் திருத்தப்பட்டன. அமெரிக்காவில் தாமஸ் ஜெபர்சனின் மாளிகையிலும் ரம்போர்டு கணப்புகள் அமைந்தன.

அடுப்பிலிருந்து ஆய்வுக்கு

வெப்பம் என்பது கலோரிக் என்னும் கண்ணுக்குத் தெரியாத பாய்மம் என்றே அக்காலத்து அறிஞர் பலர் நம்பினர். மியூனிக் படைக்கலச் சாலையில் குதிரைகளைக் கொண்டு மழுங்கிய துளைப்பானைச் சுழற்றி, நீரில் மூழ்கிய பீரங்கி உலோகத்தைத் தேய்த்தார் ரம்போர்டு. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல் நீர் கொதித்தது! தேய்க்கத் தேய்க்க வெப்பம் வந்துகொண்டே இருந்தது. தீராமல் வருவது பொருளாக இருக்க முடியாது. அது இயக்கமே என்று 1798இல் எழுதினார். 1799இல் இலண்டனில் ராயல் நிறுவனம் தோன்ற முன்னின்றார். டேவியும் பாரடேயும் பின்னாளில் ஒளிர்ந்தது அங்கேதான்.

அணையாத குறை

இத்தனை வீடுகளைக் கதகதப்பாக்கியவரின் சொந்த வீடு குளிர்ந்தே கிடந்தது. முதல் மனைவியை அவர் மீண்டும் பார்க்கவேயில்லை. அவர் 1792இல் இறந்தார். மகள் சாரா 1796இல் இலண்டன் வந்து தந்தையைக் கண்டபோது அவளுக்கு வயது 21. பின்னர் அறிஞர் லவாய்சியேயின் கைம்பெண்ணை மணந்தார்; அம்மணமும் 1809இல் பிரிவில் முடிந்தது. 1814 ஆகஸ்டு 21இல் பாரிசை அடுத்த ஓட்டேயில் காலமானார்.

அவர் அமெரிக்கக் கலை அறிவியல் கழகத்துக்கு அளித்த நன்கொடையிலிருந்து ரம்போர்டு பரிசு வழங்கப்படுகிறது. 1957இல் அதைப் பெற்றவர், நம்மைப் போல் ஓர் அரசுக் கல்லூரியில், சென்னை மாநிலக் கல்லூரியில், இயற்பியல் பயின்ற எஸ். சந்திரசேகர். விண்மீன்களுக்குள் ஆற்றல் கதிர்வீச்சாகப் பரவும் விதத்தை ஆராய்ந்ததற்காக அப்பரிசு! கணப்பின் கதிரும் விண்மீனின் கதிரும் ஒரே பெயரின் கீழ் வந்து சேர்ந்தன.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எரிவாயு அடுப்பு இருந்தாலும், நெல் அவிப்பதும் வெந்நீர் போடுவதும் விறகடுப்பில்தான். அம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். அடுப்பை இடித்துவிட்டு வேறு கட்டலாம் என்று அப்பா நெடுநாளாகச் சொல்லி வந்தார், பணம்தான் சேரவில்லை. பொங்கல் விடுமுறையில் ஏணி வைத்துக் கூரையில் ஏறினேன். மழைக்காக மூடிய தகரம் கூண்டின் வாயை அடைத்துக் கிடந்தது. உள்ளே விரற்கடைக் கனத்துக்குக் கரி. ஈர்க்கு விளக்குமாற்றால் கரியைத் துடைத்தேன். நான்கு செங்கல் வைத்துத் தகரத்தை உயர்த்தினேன். கையும் முகமும் கரியோடு இறங்கிய என்னைப் பார்த்து அம்மா சிரித்தார். புகை முழுவதும் போகவில்லை, ஆனால் குறைந்தது.

ரம்போர்டிடம் கற்க வேண்டியது உண்டு. அவரிடம் கண்டு அஞ்ச வேண்டியதும் உண்டு. படிப்பு நம்மை வீட்டிலிருந்து நெடுந்தொலைவு கொண்டுபோகும். போகட்டும். ஆனால் நாம் கற்ற வெப்ப இயல் ஒருமுறையேனும் நம் தாயின் அடுப்பங்கரைக்குத் திரும்பி வர வேண்டும், நண்பர்களே!